நல்லது செய்பவரைப் பார்த்து மற்றவர்கள் எப்போது உடன் சேர்கிறார்கள்?

அடுக்ககம் ஒன்றில் குடியிருப்பதாகவும், கோடையில் வாசலில் தண்ணீர்ப் பானை வைப்பது, தனியாக வாழும் முதியவர்களுக்கு மருந்து வாங்கிக் கொடுப்பது, வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் பிள்ளைக்கு மாலையில் பாடம் சொல்லித் தருவது போன்ற சிறு உதவிகளைப் பல ஆண்டுகளாகச் செய்துவருவதாகவும், அண்டை வீட்டார் வாயாரப் புகழ்ந்தாலும் ஒருவர்கூட உடன் வரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பிறரையும் இப்படிச் செய்யத் தூண்டுவது எப்படி, செய்வதை வெளியில் சொல்லலாமா அல்லது மறைக்க வேண்டுமா என்பவை உங்கள் கேள்விகள்.

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நற்செயலைக் கண்டு நெகிழ்பவர்கள் மிகப் பலர். அதில் தமக்கென்று ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருப்பதைக் காண்பவர்கள் மட்டுமே செய்ய இறங்குகிறார்கள். நீங்கள் விவரித்ததைப் பார்த்தால், பானையை வாங்குவது, கழுவுவது, நிரப்புவது, குவளை தொலைந்தால் புதிது வைப்பது எல்லாமே உங்கள் கையால்தான் நடக்கிறது. அண்டை வீட்டார் செய்வதற்கு அதில் மிச்சம் எதுவும் இல்லை, புகழ்வதைத் தவிர. அந்தப் புகழ்ச்சியையும் நான் சற்றுச் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். “உங்களைப் போல யாரால் முடியும்” என்று சொல்பவர், உங்களை ஒரு படி மேலே ஏற்றிவைத்துவிட்டுத் தம்மை அந்தப் பொறுப்பிலிருந்து மரியாதையாக விடுவித்துக்கொள்கிறார்.

பங்கு என்பதை எந்தப் பொருளில் சொல்கிறேன் என்பதற்கு வடலூரைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நம்மிடையே இல்லை. இராமலிங்க அடிகள் 1867ஆம் ஆண்டு மே 23 அன்று அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்பதைப் பலரும் வியந்து பேசுகிறார்கள். அதை அணையாமல் வைத்திருப்பது எது என்று கேட்பவர்கள் குறைவு. அடிகள் செல்வந்தர் அல்லர். சாலைக்கான எண்பது காணி நிலம் பார்வதிபுரத்து மக்கள் மனமுவந்து எழுதிக் கொடுத்தது. அவரிடம் அருளும் சொல்லும் இருந்தன. நிலம் ஊராரிடம் இருந்தது, நெல் உழவரிடம் இருந்தது, சமைக்கும் கை வேறு யாரிடமோ இருந்தது. 1874 ஜனவரியில் அவர் மறைந்தார். அன்பர்கள் சோதியில் கலந்தார் என்பார்கள். அடுத்த இரண்டே ஆண்டுகளில் தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியது. தொடங்கியவர் இல்லாமல், சுற்றிலும் பஞ்சம் நிலவிய அந்தக் காலத்தையும் கடந்து அந்த அடுப்பு எரிந்தது என்றால், அது ஒரு மனிதரின் கருணையாக மட்டும் இருந்திருக்க முடியாது.

அந்தச் சாலையின் அமைப்பைக் கவனியுங்கள். அறுவடை முடிந்த உழவர் ஒரு மூட்டை நெல் கொண்டுவரலாம். காய்கறிக் கடைக்காரர் ஒரு கூடை கத்தரிக்காய் இறக்கிவிட்டுப் போகலாம். கையில் எதுவும் இல்லாதவர் உட்கார்ந்து காய் நறுக்கலாம், இலை எடுக்கலாம். இவர்களில் யாரும் துறவியாக வேண்டியதில்லை, அடிகளைப் போல வாழ வேண்டியதும் இல்லை. பசி நாளும் திரும்பிவருவதால், போதும், இனி உங்கள் உதவி வேண்டாம் என்று அந்த அடுப்பு யாரிடமும் சொல்வதும் இல்லை. இன்று தமிழ்நாட்டின் எத்தனையோ ஊர்களில் வள்ளலார் பெயரால் அன்னதானம் நடக்கிறது. அவற்றை நடத்துபவர்களில் பெரும்பாலோர் அன்றாட வேலைக்குப் போகிற சாதாரண மனிதர்கள். அடிகளின் பாடல்களில் அவர்கள் எத்தனை படித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு படி அரிசி போட்டால் ஒரு வேளைக்குச் சிலர் சாப்பிடுவார்கள் என்ற கணக்கு மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

பங்கு எவ்வளவு சிறியதாக இருக்கலாம் என்பதற்குப் பிடி அரிசி சான்று. காஞ்சி மடத்தின் சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள் இதை ஒரு திட்டமாகவே வலியுறுத்திவந்தார்: உலை வைக்கும் முன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசியையும் ஒரு காசையும் தனிக் கலயத்தில் போட வேண்டும், அக்கம்பக்கத்தார் அவற்றைத் திரட்டி அருகிலுள்ள கோயிலில் சமைத்துப் படைத்து ஏழைகளுக்கு வழங்க வேண்டும் என்பது அதன் சாரம். அரிசி சோற்றுக்கு, காசு விறகுக்கும் உப்புக்கும். ஒரு பிடி அரிசி குறைவதால் எந்த வீட்டிலும் யாரும் பசியோடு எழுவதில்லை. அதைப் போட முடிவெடுப்பதும் சமையலறையில் நிற்கும் பெண்தான். யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

இதே வழக்கம் வேறொரு சமயத்தின் கீழ், நாட்டின் மறு மூலையில், இன்னும் பெரிய அளவில் வேரூன்றியிருக்கிறது. மிசோரம் மலைகளில் பிரஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்த பெண்கள் 1910ஆம் ஆண்டில் ‘புஃபாய் தாம்’ என்ற கைப்பிடி அரிசி வழக்கத்தைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்து வைப்பார்கள். சபைப் பெண்கள் வீடு வீடாகச் சென்று அதைச் சேகரிப்பார்கள். சேர்ந்த அரிசியை விற்று வரும் பணம் சபைப் பணிகளுக்குப் போகும். நூறாண்டு கடந்தும் தொடரும் அந்தப் பிடி இன்று ஆண்டுக்குக் கோடிக்கணக்கான ரூபாயாகத் திரள்கிறது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது தொகை அன்று. தாய் அரிசி எடுத்து வைப்பதைக் குழந்தை நாள்தோறும் பார்க்கிறது; ஒருநாள் தாய் மறந்தால் குழந்தையே நினைவூட்டும். யாரும் சொற்பொழிவு ஆற்றவில்லை, சமையல் என்றால் இதுவும் சேர்ந்ததுதான் என்று அந்தக் குழந்தை எடுத்துக்கொள்கிறது. கொடுத்தல் ஒரு பெருமுயற்சியாக இல்லாமல் அன்றாட வேலை ஒன்றின் முனையில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது மிக எளிதாகப் பரவுகிறது.

உங்கள் அண்டை வீட்டாரைப் பற்றியும் ஒரு சொல். அவர்கள் இரக்கமற்றவர்கள் என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். டார்லி, பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 1973இல் வெளியானது. மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் பேச அனுப்பினார்கள். வழியில் ஒருவர் தலை கவிழ்ந்து, இருமிக்கொண்டு, நோயாளிபோல் சரிந்து கிடக்குமாறு ஏற்பாடு செய்திருந்தார்கள். போதிய நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் உதவ முன்வந்தார்கள். தாமதமாகிவிட்டது, விரைந்து போங்கள் என்று சொல்லப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினரே முன்வந்தார்கள். அம்மாணவர்களில் ஒரு பகுதியினர் பேசப் போய்க்கொண்டிருந்த பொருளே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் கதை! அதைப் பேசப் போகிறோம் என்ற நினைப்பு அவர்களை நிறுத்திவிடவில்லை; அவசரம் அவர்களைக் கடத்திக்கொண்டு போயிற்று. ஆகவே காலை எட்டு மணிக்குப் பிள்ளையைப் பள்ளி வாகனத்தில் ஏற்றிவிட்டு அலுவலகத்துக்கு ஓடுகிற மனிதரிடம் கருணையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அவர் எப்படியும் மருந்துக் கடை வழியாகத்தான் வீடு திரும்புவார் என்றால், மூன்றாம் மாடிப் பெரியவரின் மருந்துச் சீட்டை அவரிடம் கொடுப்பது பயன் தரும்.

நற்செயல் தொற்றிக்கொள்ளும் என்று பலரும் சொல்கிறார்கள். ஃபவுலர், கிறிஸ்டாகிஸ் என்பவர்கள் 2010இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், ஒருவர் காட்டிய தாராளம் அவரை நேரில் அறியாத மூன்றாம் நபர் வரைக்கும் நடத்தையை மாற்றியதாகக் காட்டினார்கள். ஆனால் அது முன்பின் தெரியாதவர்கள் பணம் வைத்து ஆடிய ஆய்வுக்கூட விளையாட்டு என்பதை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. அந்த விளையாட்டில் அடுத்தவர் செய்ய வேண்டிய செயல் தயாராக அவர் முன் வைக்கப்பட்டிருந்தது. பொதுக் குடத்தில் எவ்வளவு போடுவது என்பது மட்டுமே கேள்வி. தெருவில் அந்தக் குடத்தை யாராவது கொண்டுவந்து வைக்க வேண்டும்.

அடுத்து, நாம் பெரும்பாலும் கணக்கில் எடுக்காத ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்: உதவி பெற்றவர்கள். புதிதாகக் கொடுக்கத் தொடங்குபவர்களைப் பார்வையாளர்களிடையே தேடுகிறோம். மிக உறுதியானவர்கள் பெற்றவர்களிடையே இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் 1951இல், பதினான்கு வயதில், நுரையீரல் அறுவைச் சிகிச்சையின்போது முகம் தெரியாத பலருடைய இரத்தத்தால் உயிர் பிழைத்தார். வயது பதினெட்டு ஆனதும் தாமும் கொடுக்கத் தொடங்கினார். ஊசியைக் கண்டால் அவருக்குப் பயம். குத்தும்போது ஒருமுறைகூட அதைப் பார்த்ததில்லை என்று கடைசிவரை சொல்லிவந்தார். கருவிலுள்ள குழந்தையின் இரத்தத்தைத் தாயின் உடல் எதிர்க்கும் ரீசஸ் நோயைத் தடுக்கும் மருந்துக்குத் தேவையான அரிய எதிர்ப்பொருள் அவருடைய பிளாஸ்மாவில் இருந்தது பின்னர் தெரியவந்தது. 2018இல், 81 வயதில், வயது வரம்பு இனி அனுமதிக்காது என்ற நிலை வரும்வரை ஆயிரத்து நூறு முறைக்கு மேல் கொடுத்தார். இருபது லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் அதனால் பயன்பெற்றதாக மதிப்பிடப்படுகிறது. அவர் 2025 பிப்ரவரியில் காலமானார். இந்த நீண்ட வரலாற்றைத் தொடங்கிவைத்தவர்கள் 1951இல் இரத்தம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போன, இன்று பெயர்கூடத் தெரியாத சிலர்.

பெற்றவர் கொடுப்பவராக மாற வேண்டுமென்றால், பெறும்போது அவர் சிறுமைப்பட்டிருக்கக் கூடாது. கோயம்புத்தூர் அருகே வடிவேலம்பாளையத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி விற்ற கமலாத்தாள் பாட்டியின் மதிநுட்பம் இங்கேதான் இருக்கிறது. 2019இல் அவரைப் பற்றிய காணொளி பரவியபோது எல்லோரும் விலையின் குறைவைப் பேசினார்கள். விலை என்று ஒன்று இருந்ததே எனக்குப் பெரிதாகப் பட்டது. இலவசம் என்றால் கூலித் தொழிலாளி கை நீட்ட வேண்டும். ஒரு ரூபாய் என்றால் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகலாம், மறுநாள் சட்னி சரியில்லை என்று குறையும் சொல்லலாம். அந்தக் காணொளிக்குப் பிறகு தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா உதவ முன்வந்தார். விறகடுப்பில் ஊதிக்கொண்டிருந்தவருக்கு எரிவாயு இணைப்பு கிடைத்தது, 2022ஆம் ஆண்டு அன்னையர் நாளையொட்டி வீடும் கிடைத்தது. கொரோனா ஊரடங்கின்போதும் அவர் விலையை ஏற்றவில்லை. பல லட்சம் பேர் அந்தக் காணொளியைப் பார்த்து வியந்தார்கள் என்றாலும், பாட்டிக்கு அடுப்பு வாங்கித் தர முடியும் என்று ஒருவர் முன்வந்தது அந்தச் செய்தியில் புகை சூழ்ந்த விறகடுப்பு கண்ணில் பட்டதால்தான். குறை இருந்தது, அதை நிரப்ப ஒருவர் வந்தார்.

நீங்கள் படிக்கவைக்கும் பிள்ளையிடம் இதைச் செய்து பாருங்கள். ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்கு அவளே வாய்ப்பாடு சொல்லித் தரட்டும். நன்றி சொல்லச் சொல்வதைவிட இது மேலானது.

கேட்கலாமா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனால் உங்கள் கடிதம் முழுவதும் அந்தத் தயக்கம் தெரிகிறது. நாம் செய்வதைப் பார்த்து அவர்களாகவே வரட்டும் என்று காத்திருப்பது பணிவுபோலத் தோன்றினாலும், எனக்கு அது சற்று வீம்பாகவும் படுகிறது. இலங்கையின் ஹட்சன் சில்வா காத்திருக்கவில்லை. மருத்துவ மாணவராக இருந்த அவர் 1958இல் இறந்தபின் கண்களைத் தாருங்கள் என்று நாட்டு மக்களிடம் செய்தித்தாள் கட்டுரை வழியே வெளிப்படையாகக் கேட்டார். சில ஆண்டுகளுக்குள் அவருடைய தாயார் காலமானபோது, முதலில் அவருடைய கண்களையே எடுத்துப் பார்வையற்ற ஏழை ஒருவருக்குப் பொருத்தச் செய்தார். 1961இல் கண்தான சங்கம் உருவாயிற்று. 1964இல் சிங்கப்பூருக்குக் கண்கள் அனுப்பப்பட்டன. பின்னர் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அந்தச் சிறு தீவிலிருந்து கருவிழிகள் சென்றன. தானம் கொடுப்பதை உயர்ந்த புண்ணியமாகக் கருதும் பௌத்த மரபும், போதிசத்துவர் முற்பிறவி ஒன்றில் சிபி மன்னராகத் தம் கண்களையே ஈந்ததாகச் சொல்லும் சாதகக் கதையும் அந்த மண்ணில் ஏற்கெனவே இருந்தன என்பது உண்மை. ஆனால் அந்தக் கதை பல நூற்றாண்டுகளாக இருந்தும் கண்தானம் நடக்கவில்லை. ஒருவர் வந்து, இந்தப் படிவத்தில் கையெழுத்திடுங்கள் என்று கேட்ட பிறகுதான் நடந்தது. அவர் கேட்டதற்கு மதிப்பு இருந்தது என்றால், தாயின் கண்களைக் கொடுத்துவிட்டுக் கேட்டவர் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

பெரிய செயல்கள் எப்போது பரவுகின்றன என்பதற்கும் இதுவே விடை. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் என்ற பதின்வயது மகன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, மருத்துவர்களான பெற்றோர் அவனுடைய உறுப்புகளைக் கொடுத்தார்கள். சென்னை நெரிசலினூடே அவனுடைய இதயம் பதினோரு நிமிடங்களில் இன்னொரு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சிறுமி ஒருத்திக்குப் பொருத்தப்பட்டது. தமிழ்நாடே கலங்கியது. அந்தக் கலக்கம் சில வாரங்களில் வடிந்திருக்கும். வடியாமல் செயலாக மாறியதற்கு, மூளைச்சாவை உறுதிசெய்வது எப்படி, உறுப்புகளைப் பகிர்வது எந்த வரிசையில் என்பதற்கெல்லாம் அரசு அதே ஆண்டில் ஆணைகளும் திட்டமும் வகுத்ததே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். அதன் பிறகு அதே துயரம் நேர்ந்த குடும்பங்கள், எங்கே போய் யாரிடம் சொல்வது என்று தவிக்க வேண்டியிருக்கவில்லை. மருத்துவமனையிலேயே ஒருவர் வந்து பேசினார்.

இனி வெளியில் சொல்லும் கேள்வி. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்ற அறிவுரை, கொடுப்பவரின் ஆணவத்துக்கு மருந்து. ஆனால் எல்லோருமே மறைவாகக் கொடுத்தால், இந்த ஊரில் யாரும் எதுவும் செய்வதில்லை என்ற எண்ணமே ஊருக்கு மிஞ்சும். அதற்காக உணவுப் பொட்டலம் வாங்குகிறவரின் முகத்தைப் படம்பிடித்துப் பரப்புவதை ஏற்க முடியாது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையில் முன்பின் அறியாத இளைஞர்கள் படகிலும் இடுப்பளவு நீரிலும் செய்த வேலையை நாம் நன்றியோடு நினைக்கிறோம். நிவாரணப் பொருள்களின்மேல் ஒட்டப்பட்ட ஸ்டிக்கர்களையும் மறக்கவில்லை, வேறு உணர்வோடு. நான் வைத்துக்கொள்ளும் எல்லைக்கோடு எளியது: செய்முறையைத் தாராளமாகச் சொல்லலாம், பெற்றவரை ஒருபோதும் காட்டக்கூடாது. “இன்று ஒரு பாட்டிக்கு உதவினேன்” என்று நான்கு வரி எழுதினால் வாழ்த்துகள் வரும். “வாசல் பானைக்கு நாளொன்றுக்கு இரண்டு குடம் தண்ணீர் பிடிக்கிறது, வியாழனும் ஞாயிறும் நிரப்ப ஆள் இல்லை” என்று குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினால், வாழ்த்து வராமல் போகலாம், யாராவது ஒருவர் குடத்தோடு வரக்கூடும்.

அப்படி ஒருவர் வந்தபின் உங்களுக்கு வேறொரு சோதனை தொடங்கும். அவர் பானையை நீங்கள் கழுவுவதுபோலக் கழுவ மாட்டார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத்தான் நிரப்புவார். மருந்து வாங்கப் போனவர் மீதிச் சில்லறையைச் சரியாக எழுதி வைக்க மாட்டார். அப்போது நீங்கள் பொறுமையிழந்து, பரவாயில்லை, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று திரும்ப எடுத்துக்கொண்டால், அவரும் போய்விடுவார், அவரைப் பார்த்து வர நினைத்த இன்னொருவரும் வர மாட்டார். தொண்டு அமைப்புகள் பலவற்றில் ஆள் சேராததற்கு, தலைமையில் இருப்பவர் அளவுக்கு மீறி நன்றாக வேலை செய்வதே காரணமாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். குடிநீரின் தூய்மை, மருந்தின் பெயரும் அளவும் ஆகியவற்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மற்ற எதையும் அவரவர் வழியில் செய்ய விடுங்கள்.

இந்தக் கோடைக்குப் பானையை நீங்கள் வாங்க வேண்டாம் என்பது என் யோசனை. முதல் மாடியில் இருப்பவரை அழைத்துக்கொண்டு குயவரிடம் போய், பானையை அவரே தேர்ந்தெடுக்கட்டும்; வாரத்தில் மூன்று நாள் மட்டும் நிரப்புவதாக நீங்கள் ஒப்புக்கொள்ளுங்கள், மீதி நாள்களுக்குப் பெயர் எழுத ஒரு தாளை மின்தூக்கி அருகே ஒட்டிவையுங்கள். சில நாள்கள் பானை காலியாகக் கிடக்கும். அதைப் பார்த்ததும் ஓடிப்போய் நிரப்பிவிடாமல், ஏன் காலியாக இருக்கிறது என்று யாராவது கேட்கும்வரை பொறுத்திருங்கள். கேட்டவரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள்.